தம்போரா: ஒரு சொற்பட்டியலின் வரலாறு

இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 10 அன்று பெருவெடிப்புற்றது. எழுத்தில் பதிவான வெடிப்புகளுள் அதுவே மிகப் பெரிது எனலாம். மறு ஆண்டு ஐரோப்பா கோடையை இழந்ததை நூல்கள் விரித்துரைக்கும். மலைச்சாரலில் இருந்த தம்போரா, பெக்காத் என்னும் சிற்றரசுகளின் அழிவோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அம்மக்கள் பேசிய மொழிக்கு அவ்வரிகளிலும் இடமில்லை.

அந்நாளில் ஜாவாவை ஆண்ட ஆங்கிலேயத் துணை ஆளுநர் இராபில்ஸ், அரிசியுடன் பிலிப்ஸ் என்னும் படை அதிகாரியைச் சும்பாவாவுக்கு அனுப்பினார். பெக்காத்தில் ஒரு வீட்டின் சுவடுமில்லை. வெடிப்பின்போது வேற்றிடத்தில் இருந்த 26 பேரே எஞ்சினர். தம்போராவில் சுமார் 40 பேர் வாழும் ஓர் ஊர் மட்டும் நின்றது. இவை அவர் தந்த செய்திகள். ஆகவே அம்மொழி ஒரே நாளில் மாண்டது என்னும் கூற்று முற்றிலும் பொருந்தாது. பேசியோர் சிலர் பிழைத்தனர். மொழி வாழத் தேவையான ஊரும் உறவும் சந்தையும் அவர்களுக்கு எஞ்சவில்லை.

1817இல் இராபில்ஸ் வெளியிட்ட 'ஜாவாவின் வரலாறு' நூலின் பின்னிணைப்பில் அத்தீவுகளின் மொழிகள் அருகருகே நிரல்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் தம்போராவும் ஒன்று. கிடைத்தவை ஏறத்தாழ ஐம்பது சொற்கள். அம்மொழிக்கு அவையே சான்று. ஒன்று 'சீனா', இரண்டு 'கலாயே', மூன்று 'நி', ஐந்து 'குத்தேலின்'. சுற்றிலுமுள்ள ஆஸ்திரோனேசிய மொழிகள் ஐந்தை 'லிமா' என்கின்றன. கண்ணுக்கு எதிரே நின்ற இவ்வேறுபாடு நெடுங்காலம் கருத்தைக் கவராமற் போனது வியப்பே. 2007இல்தான் மார்க் டோனஹியூ, இது ஆஸ்திரோனேசிய மொழியன்று, பப்புவ மொழி என்று விரிவாக எடுத்துரைத்தார்.

ஆயினும் 'பப்புவ' என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. அப்பகுதியில் ஆஸ்திரோனேசியத்தில் அடங்காதவற்றை ஒருங்கே குறிக்கும் எதிர்மறைப் பெயர். தாய் யார் எனக் கேட்டவருக்கு, இன்னவர் அல்லர் என்று விடை தருவதைப் போன்றது அது. கிழக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் பந்தார், அலோர், திமோர் தீவுகளில் பப்புவ மொழிகள் இன்றும் வழங்குகின்றன. அவற்றோடு தம்போராவுக்கு உறவுண்டு என்பது நிறுவப்படவில்லை.

2004இல் அகழ்வாய்வாளர் சாம்பலுக்கடியில் ஒரு வீட்டைக் கண்டனர். அங்குக் கிடைத்த மட்கலங்கள் இந்தோசீனக் கலங்களை ஒத்திருந்தமையால், மொழியையும் மோன்-க்மேர் இனத்தோடு இணைத்துப் பார்த்தோர் உண்டு. கலம் வணிகத்தால் வரக்கூடியது. அதைக்கொண்டு மொழியுறவு காண்பது தகாது. உறவைக் காட்டவல்லவை சொற்களின் ஒழுங்கான ஒலியொப்புமையும் இலக்கணமும். இராபில்ஸின் பட்டியலிலோ எண்களும் பெயர்களும் ஆங்கிலேயர் செவிக்கு எட்டிய ஒலியில் நிற்கின்றன. அவற்றைத் தொடுத்த ஒரு வாக்கியமேனும் இல்லை.