மாவட்ட எல்லையும் சிறு குத்தகையும்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்த பின், அத்தாப்புக் கூரைக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டிடங்கள் எழ வேண்டும் என்ற விதி வந்ததால், நகரின் தென்புறத்தில் சூளைகள் பெருகி, அவ்விடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், இரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டித் தந்தவர்களுள் தம்புசாமிப் பிள்ளை முதன்மையானவர். அக்காலத்தில் அரசு வேலைக்கு எழுதப்பட்ட இட வரம்பு தேவைப்படவில்லை. தண்டவாளம் போட்டவர்கள் அதன் ஓரத்துக் குடியிருப்பிலேயே வாழ்ந்தார்கள்.

எழுதப்பட்ட வரம்பு 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் வந்தது. குத்தகையாளர்களை 'ஏ' முதல் 'எஃப்' வரை வகுத்த மலேசிய அரசு, கடைநிலையான 'எஃப்' வகுப்பை மலாய்க்காரர் முதலிய பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கியது; இன்று அவ்வகுப்பின் இடத்தில் இருப்பது, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் ஜி1 தரம். பள்ளிக் கூரை மாற்றுதல், வடிகால் சீரமைத்தல் போன்ற சிறு வேலைகளுக்குத் துறையே விலையை நிர்ணயித்து, அந்த மாவட்டத்தில் பதிவு பெற்றவர்களின் பெயர்களைக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இம்முறைக்கு 'உண்டி' என்று பெயர். உள்ளூர்ப் பணம் உள்ளூரில் தங்க வேண்டும் என்ற இதன் நோக்கம் நியாயமானதே. ஆனால் விதி அளந்தது அலுவலக முகவரியை. கல் சுமந்தவர் எங்கே வாழ்கிறார் என்பதை அன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் குறை தெளிவாகத் தெரிந்தது. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதால், பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் ஒரே இரயில் பாதையில் இருந்தும் வெவ்வேறு நிர்வாக எல்லைகளுக்குள் போயின. காலை வண்டியில் எல்லை தாண்டும் கொத்தனாருக்கு அந்தக் கோடு பொருளற்றது, பட்டியலில் பெயர் தேடும் சிறு நிறுவனத்துக்கோ அதுவே எல்லாம். கடைநிலை வகுப்பு பூமிபுத்ராக்களுக்கே உரியதாகையால் தமிழ்க் குத்தகையாளருக்கு எந்த மாவட்டத்துக் குலுக்கலிலும் இடமில்லை; எனவே, வேலையைப் பெற்றவரிடம் துணைக் குத்தகை எடுப்பதே அவருக்கு எஞ்சிய வழியாயிற்று. ஒருவர் பெயரில் வேலை வாங்கி மற்றொருவர் முடித்துத் தரும் 'அலிபாபா' ஏற்பாடு நாடறிந்த வழக்கமாகி, முகவரி வைத்திருந்தவர் தரகு பெற, சிமெண்ட் கடைக் கடனைத் துணைக் குத்தகையாளர் சுமந்தார்.

இந்தச் சுமைக்கு ஓரளவு மருந்தாக வந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் பணச் செலுத்தல், தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15இல் நடப்புக்கு வந்து, "எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கியது. எனினும் அச்சட்டம் எழுத்து வடிவிலான ஒப்பந்தங்களை மட்டுமே காக்கிறது. வாய்ச்சொல்லை நம்பிப் பள்ளிக் கூரையில் ஏறிய கொத்தனாருக்கு அதன் கதவு திறப்பதில்லை.