கறுப்புக் கண்ணாடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

போன வாரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தங்கை மகன் போன் பண்ணினான். "மாமா, லீவுக்கு வரும்போது ஒரு ஓக்லி கண்ணாடி வாங்கிட்டு வாங்க. மறையூர்ல இருந்து மூணாறுக்கு சைக்கிள்ல ஏறப் போறோம்." இங்கே துபாய் கடையில் விசாரித்தேன். அவன் சைக்கிள் விலையில் பாதிக்கு மேல்!

பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் கடன் ஃபைல் பார்ப்பவன் நான். விலையைச் சொன்னால் அது வந்த வழியையும் பார்க்காமல் விடமாட்டேன். பார்த்தேன்.

1975-ல் கலிஃபோர்னியாவில் ஜிம் ஜன்னார்ட் 300 டாலர் முதலில் தொடங்கியது ஓக்லி. முதல் சரக்கு மோட்டார் சைக்கிள் கைப்பிடி. 1984-ல் சைக்கிள்காரர்களுக்காக, முகத்தில் பாதியை மூடும் 'ஐஷேட்ஸ்' வந்தது. அதைப் போட்டுப் பிரபலமாக்கியவர் கிரெக் லெமாண்ட். 1986-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த முதல் அமெரிக்கர். ஜெயித்தது அவருடைய கால்கள், விலை ஏறியது கண்ணாடிக்கு :-)

அந்த லென்ஸ் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியின் பேயரிலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். எடை குறைவு, கல் பட்டால் சில்லு சில்லாக உடையாது, புற ஊதாக் கதிரைத் தன்னாலேயே பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணைக் காப்பாற்றும் இந்த குணம் பொருளில் இருக்கிறது, பிராண்டில் இல்லை. இன்று யார் வேண்டுமானாலும் இதில் லென்ஸ் வார்க்கலாம்.

பிறகு ஏன் இந்த விலை? இங்கேதான் நம்ம காமர்ஸ் பாடம் வருகிறது. 1961-ல் இத்தாலியில் ஆரம்பித்த லக்ஸோட்டிகா, 1999-ல் ரேபானை வாங்கியது. 2001-ல் சன்கிளாஸ் ஹட் கடைகளையும் வாங்கியது. உடனே அந்தக் கடைகள் ஓக்லிக்குக் கொடுக்கும் ஆர்டர் குறைந்தது, ஓக்லி பங்கு சரிந்தது. 2007-ல் சுமார் 210 கோடி டாலருக்கு ஓக்லியே லக்ஸோட்டிகா கைக்குப் போய்விட்டது. சரக்கும் கடையும் ஒரே முதலாளியிடம் இருந்தால், பேரம் பேச யார் இருக்கிறார்கள்?

நம்ம பக்கத்தில் நேர்மாறான கதை ஒன்று உண்டு. கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்தது. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையார் ஆரம்பித்த ஆரோலேப், அதை மிகச் சொற்ப விலையில் செய்து காட்டியது. கண்ணுக்குள் வைப்பதற்கே அப்படியென்றால், கண்ணுக்கு வெளியே மாட்டுவதற்கு?

ஆனால் ரோட்டோரத்து நூறு ரூபாய்க் கண்ணாடியும் வேண்டாம். இருட்டில் கண்மணி விரியும். புற ஊதாவைத் தடுக்காத வெறும் கறுப்பு பிளாஸ்டிக் என்றால் கெடுதல் கூடத்தான் செய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர்.

எங்க அப்பா முப்பது வருஷம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வெறுங்கண்ணோடு சைக்கிள் மிதித்தவர். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றும் புழுதியும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கண்ணில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆயிற்று. வெயிலும் புழுதியும் அதற்குக் காரணமாகலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு யாரும் எங்களுக்குக் கண்ணாடி பற்றிச் சொல்லவில்லை.

ஓக்லியில் குறை இல்லை. வியர்வையில் வழுக்காது, ஓரத்திலும் பார்வை தெளிவாக இருக்கும். பந்தயக்காரர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். மருமகனுக்கு வேண்டியது 'யு.வி. 400' என்று போட்ட, பக்கவாட்டையும் மூடும் பாலிகார்பனேட் கண்ணாடி. மூணாறு மூடுபனிக்குக் கறுப்பு ஆகாது என்பதால் நிறமில்லாத லென்ஸ் ஒன்றும் கூட.

அப்படியே இரண்டு செட் வாங்கிவிட்டேன். ஓக்லி விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. இரண்டாவது அப்பாவுக்கு. இன்னும் டீக்கடைக்கு சைக்கிளில்தான் போகிறார். "இந்த வயசில எனக்கெதுக்குடா கூலிங் கிளாஸ்" என்பார். போட வைக்க வேண்டியது என் பொறுப்பு.