கடவுச்சொல் பெட்டகத்தைத் திறத்தல்

கடவுச்சொல் பெட்டகம் என்பது, ஒருவர் தம் கணக்குகள் பலவற்றுக்கும் வைத்துள்ள கடவுச்சொற்களை மறையாக்கம் செய்து ஒருங்கே சேமித்து, பிரதானக் கடவுச்சொல் ஒன்றினால் திறக்கும்படி அமைந்த மென்பொருளாகும். புரூஸ் ஷ்னையர் 1997-இல் வெளியிட்ட பாஸ்வேர்டு சேஃப், டொமினிக் ரைக்ல் 2003-இல் வெளியிட்ட கீபாஸ் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. நாள்தோறும் பலமுறை திறக்கவேண்டிய பெட்டகத்துக்கு நீண்ட கடவுச்சொல் தொல்லையாகவும் குறுகியது அபாயமாகவும் முடிவதால், பாதுகாப்பையும் சௌகரியத்தையும் இசைவிப்பது இதன் பிரதான பிரச்சினையாகும்.

பிரதானக் கடவுச்சொல்

தட்டச்சு செய்த சொல்லே பெட்டகத்தை மறையாக்கும் சாவியாகிவிடுவதில்லை. பிபிகேடிஎஃப்2 என்னும் முறை அதைப் பல இலட்சம் தடவை திரும்பத் திரும்பக் கணித்தும், 2015-இல் கடவுச்சொல் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 மிகுந்த நினைவகத்தைச் செலவிட்டும் சாவியை உண்டாக்குகின்றன. உரியவருக்கு ஒரு கணத் தாமதமாகத் தோன்றும் இக்கணிப்பு, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்குப் பெருஞ்செலவாகிறது. ஆயினும் எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லை எந்தக் கணிப்பும் காப்பாற்றாது. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டக நகல்கள் களவுபோன சம்பவத்தில், நகலைக் கையில் வைத்திருப்பவன் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்ற நிலையில், அவரவர் தேர்ந்த கடவுச்சொல்லின் வலிமையே அரணாக நின்றது. ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு 1995-இல் வகுத்த டைஸ்வேர் முறை இதற்கு உகந்தது: பகடையை ஐந்து முறை உருட்டி வரும் எண்ணுக்குரிய சொல்லை 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும், இவ்வாறு எடுத்த ஆறு சொற்கள் ஏறத்தாழ 77 பிட் வலிமை தருவதோடு, மனத்திலும் பதிகின்றன.

விரைவுத் திறப்பு

அன்றாட உபயோகத்துக்குக் கைரேகை, முகம், குறுகிய பின் எண் ஆகியவை வழங்குகின்றன. நான்கு இலக்கப் பின் எண்ணில் 10,000 வகைகளே உள்ளமையால், அதைக்கொண்டே மறையாக்கிய சாவி வட்டில் எழுதப்பட்டிருந்தால், வட்டின் நகலைப் பெற்றவன் அதனைச் சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். சாவி நினைவகத்தில் மட்டும் இருந்து, மென்பொருளை மூடியதும் அழிந்துவிடுமாயின் அவ்வபாயம் பெரிதும் நீங்கும். ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான கீபாஸ்2ஆண்ட்ராய்டு, ஒருமுறை முழுக் கடவுச்சொல்லால் திறந்தபின், அதன் கடைசிச் சில எழுத்துகளைக் கேட்டே மீண்டும் திறக்கிறது. ஒருமுறை தவறினாலும் முழுச் சொல்லையே கேட்கிறது.

கைரேகை முறையின் பலம் ரேகையில் மட்டுமன்று, அதைச் சரிபார்க்கும், கருவியின் தனிப் பாதுகாப்புப் பகுதியிலும் உள்ளது. 2013-இல் ஐபோனில் அறிமுகமான டச் ஐடி, ஐந்து முறை தவறினாலும் கருவி மறுதொடக்கம் பெற்றாலும் கடவுக்குறியீட்டையே கேட்கும். அக்குறியீட்டை அறிந்த அயலான் தன் ரேகையைப் புதிதாகச் சேர்த்துவிடக்கூடும் என்பதால், ரேகைப் பதிவு மாறியவுடன் பழைய அனுமதி செல்லாதபடி மென்பொருளை அமைக்க இயங்குதளங்கள் இடமளிக்கின்றன.

பரிந்துரைகள்

பிரதானக் கடவுச்சொல் களவுபோன நகலையும், விரைவுத் திறப்பு கையிலுள்ள கருவியையும் காப்பனவாதலால், பின்னதன் சௌகரியத்துக்காக முன்னதைக் குறுக்குவது தவறாகும். விரைவுத் திறப்பு இருப்பதனாலேயே முன்னதை எவ்வளவு நீளமாகவும் வைத்துக்கொள்ள இயலும். கருவி சிறிது நேரம் வாளாவிருந்தால் தானே பூட்டிக்கொள்ளும்படி செய்வதும், விரல்பட்டே திறந்து பழகியவர் பிரதானக் கடவுச்சொல்லை மறந்துவிடாதபடி இடையிடையே அதைத் தட்டச்சு செய்வதும், காகிதத்தில் எழுதிய பிரதியொன்றை வீட்டில் பத்திரமான இடத்தில் வைப்பதும் அவசியம்.