செருப்பு, நிலம், பள்ளிக்கூடம்: ‘வெக்கை’யிலிருந்து ‘அசுரன்’ வரை

2019 அக்டோபர் 4ஆம் தேதி ‘அசுரன்’ படம் வெளியானது. அடுத்த வாரமே நைனாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு. தியேட்டர் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ‘பஞ்சமி நெலத்தப் பத்தி படம் வந்திருக்குது’ என்று சொன்னதால்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படம் முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி கேட்டார்.

“இத்தினி பேர வெட்டத் தெரிஞ்சவன் எதுக்குடா ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் கால்லயும் வுழுந்தான்?”

“படிப்ப மட்டும் எவனும் புடுங்க முடியாதுன்றான். நீ படிச்சியே, நம்ம நெலம் திரும்பி வந்துச்சா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து பூமணியின் ‘வெக்கை’யை மறுபடி எடுத்துப் படித்தேன். நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் பேசியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கதையில் எது கூடியது, எது குறைந்தது என்று கணக்குப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள். நைனா கேட்ட இரண்டு கேள்வியும் கதையைப் பற்றியவை அல்ல, வரலாற்றைப் பற்றியவை. அந்த வழியில்தான் இதை எழுதுகிறேன்.

‘வெக்கை’ 1982இல் வந்தது. பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டுகிறான். அங்கேதான் நாவல் தொடங்குகிறது. அப்புறம் அய்யாவும் மகனும் எட்டு நாள் காடு, மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணி கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எங்கே படுத்தால் ஆள் கண்ணில் பட மாட்டோம், இதுதான் பக்கத்துக்குப் பக்கம். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

நாவல் முழுக்கத் தேடினாலும் ஒரு சாதிப் பேர் கிடைக்காது. 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் என்ற பேச்சு சூடாக இருந்த காலத்தில், இதைச் சொல்லி இந்த நாவலோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். வெட்டினவன் யார், வெட்டுப்பட்டவன் யார் என்று சொல்லாமல் இது என்ன எழுத்து என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பூமணியும் தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தை ஏற்றுக்கொள்ளாதவர். அது அவர் உரிமை. ஆனால் பேர் சொல்லாததால் என்ன நடந்தது? இது ஒரு ‘பழிவாங்கல் கதை’, ‘கரிசல் மண்ணின் கதை’ என்று சாதி இந்து விமர்சகர்கள் நிம்மதியாகப் பாராட்டிவிட்டுப் போக முடிந்தது.

வெற்றிமாறன் அந்த நிம்மதியைக் கெடுத்தார். இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். படத்திலும் சாதிப் பேர் சொல்லப்படவில்லைதான். ஆனால் ‘பஞ்சமி’ என்ற ஒரு சொல் போதும், யார் கதை என்று தெரிந்துவிடும். நாவலில் இல்லாத ஒரு முன்கதையைப் படம் சேர்த்தது. இளம் வயசு சிவசாமி, அவன் கட்டிக்கொள்ள நினைக்கிற மாரியம்மாள், அவளுக்கு அவன் வாங்கித் தருகிற செருப்பு, அதைத் தலையில் சுமக்க வைத்து அவளை நடத்துகிற கொடுமை, பஞ்சமி நிலத்துக்கான கூட்டம், அதற்குப் பதிலாகக் கொளுத்தப்படும் குடிசைகள். நிகழ்காலக் கதையிலும் நிலம்தான் சண்டைக்குக் காரணம். முடிவில் பள்ளிக்கூடம் வருகிறது. சிறைக்குப் போகிற அப்பன் மகனிடம் படி என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

செருப்பு, நிலம், பள்ளிக்கூடம். இந்த மூன்றையும் டைரக்டர் கற்பனையில் பிடித்துச் சேர்த்தார் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒரு பட்டியலைக் காட்ட வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவின் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள். 1931 ஜூனில் இன்னும் பதினொரு தடைகளைச் சேர்த்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஜே. எச். ஹட்டன் என்ற வெள்ளைக்காரர் இரண்டு பட்டியலையும் தன் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. முதல் பட்டியலின் எட்டாவது தடை: ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இரண்டாவது பட்டியலில்: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்க மறுத்தால் அந்த நிலத்துக்குத் தண்ணி கிடையாது.

தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செருப்பு, நிலம், படிப்பு மூன்றும் ஒரே ஆட்களால், ஆறு மாத இடைவெளியில், ஒரே நோக்கத்துக்காகத் தடை செய்யப்பட்டவை. காலில் செருப்பு ஏறினால் அடுத்து நிலத்தில் கால் ஊன்றுவான், நிலம் இருந்தால் பிள்ளையை மாடு மேய்க்க அனுப்ப மாட்டான், பள்ளிக்கு அனுப்புவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் சில சமயம் மறந்துபோகிறது.

இப்போது நைனாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். வெட்டத் தெரிஞ்சவன் ஏன் விழுந்தான்?

படத்தில் மூத்த மகனைப் போலீசிடமிருந்து மீட்க சிவசாமி ஊர்த் தெருவில் ஒவ்வொருத்தன் காலிலும் விழுகிறான். அதைப் பார்த்துச் சின்ன மகன் அப்பனை வெறுக்கிறான். பிறகு அப்பன் பழைய கதையைச் சொன்ன பிறகு, அவன் தனி ஆளாகக் கூட்டத்தையே வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்த பிறகுதான், மகனுக்கு அப்பன்மேல் மரியாதை வருகிறது. நாயகனை முதலில் கீழே தள்ளினால்தான் பிறகு தூக்கும்போது விசில் வரும் என்பது சினிமாவின் கணக்கு. தனுஷின் நடிப்புக்கு தேசிய விருது கிடைத்தது, நியாயமானதுதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. அசுரபலம் இல்லாத அப்பன் மகனுடைய மதிப்புக்கு லாயக்கில்லை என்பதாக அது ஆகிவிடுகிறது. நம் அப்பன்மார் யாரும் அப்படி வெட்டினவர்கள் இல்லையே? அவர்களை நாம் என்ன செய்வது?

‘வெக்கை’யில் அய்யா யார் காலிலும் விழுவதில்லை. மகன் அவரைக் கோழை என்று நினைப்பதும் இல்லை. அவர் பெரிய வீரரும் இல்லை. ஒரு சம்சாரி. மகன் செய்ததைத் தன் காரியமாக ஏற்றுக்கொண்டு, அவனுக்குச் சோறு பொங்கிக் கொடுத்து, ராத்திரி கண்விழித்துக் காவல் இருக்கிறார். ஆத்தா, மாமா, அத்தை, சொந்தபந்தம் எல்லாம் அந்தப் பையன் பின்னால் நிற்கிறது. ஒருத்தர்கூட ‘ஏண்டா இப்படிச் செஞ்சே’ என்று அவனைக் கைவிடவில்லை. 1990களில் நான் இதைக் கவனிக்காமல் போனேன். சாதிப் பேரைத் தேடின அவசரத்தில், குனியாத ஒரு குடும்பத்தை எழுத்தில் வைத்திருக்கிறார் என்பது என் கண்ணில் படவில்லை.

குடிசை எரிகிற காட்சியும் இப்படித்தான். பார்க்கிற எல்லாருக்கும் வெண்மணி நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து செத்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் எழுதிய ‘குருதிப்புனல்’, மிராசுதாரின் கொடுமைக்குக் காரணத்தை அவனுடைய ஆண்மைக் குறைவில் போய்த் தேடியது. கூலி நெல்லும் சாதியும் சங்கமும் பின்னால் போய்விட்டன. அதை அடிப்படையாக வைத்து ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்ற படமும் 1983இல் வந்தது. அந்த நாவலோடு ஒப்பிட்டால் ‘அசுரன்’ எவ்வளவோ மேல். நிலத்துக்காகத்தான் கொளுத்தினார்கள் என்று நேராகச் சொல்கிறது. ஆனால் அங்கேயும் எரிந்துபோன மாரியம்மாள், சிவசாமி அரிவாளைத் தூக்குவதற்கான காரணமாகத்தான் மிஞ்சுகிறாள். கூட்டம் போட்டு நிலம் கேட்ட ஜனங்கள் எரிந்ததோடு சரி. அவர்களுடைய கோரிக்கை அப்புறம் கதையில் எழுந்திருப்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி என்னைப் பற்றியது. அதனால் கொஞ்சம் வீட்டுக் கதை சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் கொடுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து வருஷம் யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். மீறினால் அரசு நஷ்டஈடு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் இதை ‘டி.சி. நெலம்’ என்பார்கள். என் தாத்தாவுக்கு அப்படி ஒன்றரை ஏக்கர் இருந்தது. ஒரு பஞ்ச வருஷத்தில் ரெண்டு மூட்டை நெல்லுக்காக அது ஊர்க்காரர் ஒருத்தர் கைக்குப் போனது. கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தாத்தாவுக்குத் தெரியாது. அந்த நிலத்திலேயே நைனா கூலிக்கு ஏர் ஓட்டினார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், வாத்தியார் ஆனேன்.

படித்ததால் ஒன்று முடிந்தது. பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை மனுப்போட்டு வாங்கி, குறிப்புக் கட்டத்தில் இருக்கிற ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்தை நைனாவுக்குப் படித்துக் காட்ட முடிந்தது. அதை வைத்து எட்டு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். ஒரு அதிகாரி உட்காரச் சொல்லி மரியாதையாகப் பேசினார். அதுவும் படிப்பினால்தான். நிலம் வரவில்லை.

படத்தின் முடிவில் சிவசாமி மகனுக்குச் சொல்வதன் சாரம் இதுதான்: நிலம் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், காசு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை மட்டும் யாராலும் எடுக்க முடியாது. தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மகன் உயிருக்காக நிலத்தை விட்டுக்கொடுக்க சிவசாமி ஏற்கெனவே சம்மதித்துவிட்டான். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த படம், நிலம் போனால் போகட்டும் என்கிற இடத்தில் வந்து முடிகிறது. சாதி இந்துவும் சேர்ந்து கைதட்டக்கூடிய முடிவு அது. ‘நல்லாப் படிங்கப்பா’ என்று சொல்வதில் அவனுக்கு என்ன நஷ்டம்? ‘நிலத்தைக் கொடு’ என்றால்தான் அவன் முகம் மாறும்.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. ஆனால் படிப்பைப் பிடுங்க முடியாது என்பது வரலாற்றுப்படி சரியில்லை. 1931இல் பிடுங்கியிருக்கிறார்கள், நிலத்தைப் பிடுங்கின அதே கையால். நம்மில் பெரிய படிப்புப் படித்த அம்பேத்கர் அந்தப் படிப்பை வைத்து என்ன செய்தார்? 1927இல் மகாத் குளத்துத் தண்ணிக்குப் போனார். 1937இல் பம்பாய் சட்டமன்றத்தில் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். நிலத்துக்குப் பதிலாகப் படிப்பு என்று அவர் கணக்குப் போடவில்லை.

எங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். அம்பேத்கர் சிலையை அந்த நிலத்தில் வைத்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில் படித்தவனும் இருந்தான், கைநாட்டும் இருந்தான். அசுரன் என்று யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருந்தார்கள்.

ஆக, என் கணக்கு இது. ‘வெக்கை’ சொல்லாமல் விட்ட வரலாற்றைப் படம் சொன்னது. அதனால்தான் பஞ்சமி நிலம் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகள் 2019க்குப் பிறகு வந்து விசாரிக்கிறார்கள். அதற்காகப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நாவலில் இருந்த குனியாத குடும்பத்தைப் படம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நாயகனை வைத்தது. கடைசியில் நிலத்தையும் கைவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்குத்தான் முழுசாக விளங்கும்.

நைனா 2021இல் போய்ச் சேர்ந்தார். அவர் பேரில் போட்ட மனுவை வாரிசு என்ற முறையில் என் பேருக்கு மாற்றி மறுபடி கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் பதினோரு குடும்பத்துக்கு இதே ‘டி.சி.’ குறிப்பு இருப்பது நகலில் தெரிகிறது. போன மாசம் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் தனித்தனியாக மனுக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.