பிரேக் போட்டா பைக் முன்பக்கம் குத்துதா? ஃபோர்க் ஆயில் அளவைக் கவனிங்க!

திருப்பூரில் பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு வழியாகக் காலையில் பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் பைக்குகளில் பின்னால் ஒருவர், டேங்க் மேல் ஒரு துணிக்கட்டு இருப்பது சகஜம். பள்ளத்தில் இறங்கியதும் ஹேண்டில்பாரில் 'டங்'குனு ஒரு அடி விழும். ரோட்டைத் திட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால், முன் ஃபோர்க்கில் ஆயில் குறைந்திருந்தாலும் இப்படி அடிக்கும்.

உள்ளே என்ன இருக்கு?

முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் குழாய்கள்தான் ஃபோர்க். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங், ஆயில், ஆயிலுக்கு மேலே கொஞ்சம் காற்று இருக்கும். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆயில் சிறு துளைகள் வழியே போய்வந்து, வண்டி துள்ளாமல் அடக்கும். இப்படி ஆயிலால் அதிர்வை அடக்கும் ஃபோர்க்கை 1935-ல் தனது ஆர்12 பைக்கில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ.

காற்றுதான் இரண்டாவது ஸ்பிரிங்!

ஃபோர்க் அமுங்கும்போது மேலே உள்ள காற்றும் நசுங்கும். இடம் பாதியானால் அழுத்தம் இரு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த பாயில் விதி.

ஒரு எளிய கணக்கு. காற்றுக்கு 200 மி.மீ. இடம் இருக்கிறது, ஃபோர்க் 100 மி.மீ. அமுங்குகிறது என்றால் அழுத்தம் 2 மடங்கு. ஆயில் அதிகமாகி, காற்றுக்கு 150 மி.மீ.தான் இடம் என்றால் 3 மடங்கு. ஆயில் குறைந்து 300 மி.மீ. ஆகிவிட்டால் வெறும் ஒன்றரை மடங்குதான்.

குறைந்தால் என்ன ஆகும்?

பிரேக் பிடித்ததும் முன்பக்கம் சட்டென்று கீழே இறங்கும். பள்ளத்தில் ஃபோர்க் அடிவரை போய் இடிக்கும். அதற்குமேல் அமுங்க இடமில்லாததால் டயர் ரோட்டின் பிடியை இழக்கலாம். மழைநாளில் இது ரொம்ப ஆபத்து.

கூடினால் நல்லதா?

அதுவும் இல்லை. ஃபோர்க் கடைசியில் கல் மாதிரி இறுகும். அழுத்தம் தாங்காமல் ஆயில் சீல் கசியலாம். கசிந்த ஆயில் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

"திக்கான ஆயில் ஊத்தினா சரியாகிடும்" என்பதும் தவறு. ஆயிலின் பாகுத்தன்மை, ஃபோர்க் எவ்வளவு வேகமாக அசையும் என்பதை மாற்றும். ஆயிலின் அளவு, கடைசியில் எவ்வளவு இறுகும் என்பதை மாற்றும். இரண்டும் வேறு வேறு.

எப்படித் தெரிந்துகொள்வது?

* முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். பலமுறை துள்ளினால் செக் பண்ண வேண்டும்.
* ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஆயில் ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஆயில் மட்டும் ஊற்றினால் போதாது, சீலையும் மாற்ற வேண்டும்.
* பல வண்டிகளில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுசா அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை மி.மீ. கணக்கில் அளப்பார்கள். உங்கள் வண்டிக்கான அளவும் முறையும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.
* இரண்டு பக்கமும் மேனுவலில் சொன்ன அளவில் இருக்கணும்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது இன்ஜின் ஆயிலோடு நிறுத்தாமல், "ஃபோர்க் ஆயிலையும் அளந்து பாருங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.