குலுக்கல் நேர்மையும் பணம் இருக்கும் கையும்

கிரிப்டோ நாணயத்தில் டிக்கெட் விற்கும் இணையக் குலுக்கல்கள் எல்லாம் ஒரே உறுதிமொழியைத்தான் முன்னால் வைக்கின்றன: எங்கள் குலுக்கலில் தில்லுமுல்லு கிடையாது, வேண்டுமானால் நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 2012இல் சதோஷிடைஸ் என்ற பிட்காயின் பகடை ஆட்டம் பரவிய காலத்திலிருந்து இந்தச் சரிபார்ப்பு முறை வளர்ந்து வந்திருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் அந்தக் கணிதம் பொய் சொல்லாது. ஆனால் மலேசியாவின் செலாயாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சீட்டுக் கட்டியும், நாலு நம்பர் என்ற நான்கு இலக்க லாட்டரி எடுத்தும் பழகிய ஒரு சமூகத்துக்கு இந்த உறுதிமொழி போதுமா? போதாது என்பதே என் வாதம். ஒரு குலுக்கலில் மூன்று இடங்களில் கைவைக்கலாம். யார் யார் பெயர் உள்ளே போகிறது என்ற பட்டியல் ஒன்று, பெயரை எடுக்கும் அந்த நொடி ஒன்று, திரண்ட பணம் ஒன்று. நம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நடுவில் இருக்கும் அந்த நொடியைக் காப்பதற்கு வழி எப்போதோ தெரிந்திருக்கிறது. பட்டியலையும் பணத்தையும் காப்பதில்தான் மனிதர்கள் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றொன்று 921. அவை விவரிக்கும் குடவோலை முறையைப் பள்ளியில் படிக்காத தமிழர் குறைவு. ஆனால் பாடப்புத்தகம் அதைத் தேர்தல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. உண்மையில் அது வாரியங்களுக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் குலுக்கல், அதுவும் ஒவ்வொரு அசைவும் விதியாக எழுதப்பட்ட குலுக்கல். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பைக் குறிக்கும் வாயோலையோடு கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூடியிருக்கும். ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தை உயரத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவன் பெயரைப் படிப்பான். அதன்பின் மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கிப் படிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்கப்படும்.

அந்த ஐந்து விரலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்ற முடியும் என்று யாரோ சந்தேகப்பட்டதால்தான், அல்லது அப்படி ஒரு முறை நடந்ததால்தான், அந்த விதி கல்லில் ஏறியிருக்கும். தூக்கிப் பிடித்த குடமும், விவரம் அறியாத சிறுவனும், பலர் படிக்கும் ஓலையும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஏமாற்றுக்குப் போட்ட பூட்டு. 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தி எழுத வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. திருத்திய கல்வெட்டு குலுக்கும் முறையோடு நிற்கவில்லை. பட்டியலில் யார் இருக்கலாம், யார் கூடாது என்பதற்கு நிறைய இடம் ஒதுக்குகிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் குடத்துக்குள் போகவே கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. பொதுப்பணத்தில் கைவைத்தவனை அந்தச் சிறுவனின் கை தடுக்காது, பட்டியல்தான் தடுக்கும் என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

இதை நேர்மை என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். உத்திரமேரூர் ஒரு பிராமண ஊர். உழைத்தவர்களும் பெண்களும் நிலமற்றவர்களும் அந்தக் குடத்துக்கு வெளியில்தான் நின்றார்கள். இந்த ஆட்சேபம் முழுக்கச் சரியானது, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்துகிறது. குலுக்கல் எவ்வளவு பழுதற்றதாக இருந்தாலும், பட்டியலில் இருக்கும் அநியாயத்தை அது போக்காது. குடத்துக்குள் போகாத பெயர் ஒருநாளும் வெளியே வராது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே பாடம் வேறு உருவில் இருக்கிறது. பத்துப் பேர் சீட்டுச் சேர்ந்து மாதம் 100 ரிங்கிட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருவர் 1,000 ரிங்கிட் எடுப்பார். பத்து மாதத்தில் சீட்டு முடியும். காகிதத் துண்டுகளில் பெயர் எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கி, வீட்டுப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டுப் போட்டவர் கண்ணெதிரில் நடப்பதால் அந்தக் குலுக்கலில் ஏமாற்றுவது கடினம். இங்கே யாருக்கும் நட்டமில்லை, போட்ட காசு முழுவதும் திரும்புகிறது. குலுக்கல் முடிவு செய்வது வரிசையை மட்டும்தான்: முதலில் எடுத்தவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. ஆனால் முதல் மாதம் எடுத்தவர் இரண்டாம் மாதத்திலிருந்து கட்டாமல் நின்றால்? சீட்டுப் பிடித்தவரே ஊரைவிட்டுப் போய்விட்டால்? கடைசி வரிசையில் இருப்பவர் ஒன்பது மாதம் கட்டிய பணத்துக்கு டப்பாவின் நேர்மை எந்தப் பதிலும் தராது.

சட்டங்களும் இந்த இடத்தில்தான் கவலைப்பட்டன. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், ஹுவே, டொன்டின் என்று எல்லாச் சமூகத்தாரின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லி, அவற்றைத் தொழிலாக நடத்துவதை ஒரேயடியாகத் தடை செய்தது. சிங்கப்பூர் அதே 1971இல் சட்டம் இயற்றி உரிமம் தந்து முறைப்படுத்தப் பார்த்தது. அங்கே சில ஆண்டுகளில் ஜெமினி சிட் ஃபண்ட் நிறுவனம் சரிந்தபோது, வழக்கு நிறுவனத்தின் பணத்தைக் கையாடியது பற்றித்தான் எழுந்தது. இந்தியாவின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் குறைந்தது இரண்டு சந்தாதாரர்கள் இருக்க வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுதி 21 நாளுக்குள் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், சீட்டை நடத்துபவர் முழுச் சீட்டுத் தொகைக்கும் ஈடாகப் பிணை வைக்க வேண்டும். 2019 திருத்தம் அந்த இருவரும் காணொளி வழியாகவும் இருக்கலாம் என்றது. ஆள் முன்னால் இல்லாவிட்டாலும் போகட்டும் என்று விட்டுக்கொடுத்த சட்டம், பிணை இல்லாவிட்டாலும் போகட்டும் என்று சொல்லவில்லை.

நாலு நம்பர் விஷயத்துக்கு வருவோம். மலேசியாவில் அதை நடத்தும் மேக்னம் நிறுவனத்துக்கு 1969இல் உரிமம் கிடைத்தது. இன்றைக்கும் எண்கள் பொதுமக்கள் பார்வையில்தான் எடுக்கப்படுகின்றன. இயந்திரக் குலுக்கலும் ஏமாற்றுக்கு அப்பாற்பட்டதல்ல என்பதற்கு உலகில் சான்று உண்டு. 1980இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 4, 6 தவிர்த்த எண் பந்துகளை உள்ளே சாயம் ஏற்றிக் கனமாக்கி 666 விழ வைத்தார்கள். மிலான் நகரில் கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து எடுத்த பிள்ளைகளையே மோசடிக்குப் பயன்படுத்தியது 1999இல் வெளிவந்தது. உத்திரமேரூர்ச் சிறுவன் ஏதும் அறியாதவனாக இருக்க வேண்டும் என்று ஏன் எழுதினார்கள் என்பது இப்போது புரியும். ஆனாலும் இவை அரிது. அதைவிட முக்கியமான உண்மை ஒன்று மலேசியத் தெருக்களிலேயே உண்டு. உரிமம் இல்லாமல் நம்பர் எழுதும் ஆட்கள் தனியாகக் குலுக்கல் நடத்துவதில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் முடிவையே எடுத்துக்கொள்கிறார்கள். பம்பாயில் மட்கா சூதாட்டமும் முதலில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகளை வைத்துத்தான் நடந்தது. 1961இல் அந்த விலை வருவது நின்ற பிறகே வேறு வழி தேடினார்கள். ஆக, எண் எப்படி விழுந்தது என்பதில் அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. பெரிய தொகை விழுந்தால் அந்த ஆள் கொடுப்பானா, கடையைக் கட்டிவிடுவானா என்பதுதான் சந்தேகம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற நாலு நம்பரில் ‘பிக்’ பந்தயத்துக்கு ஒரு ரிங்கிட் வைத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் 180 வீதம், பத்து ஆறுதல் பரிசுகள் 60 வீதம். கூட்டினால் 6,400. மொத்த எண்கள் 10,000. அதாவது குலுக்கல் அப்பழுக்கில்லாமல் நடந்தாலும் சராசரியாக ஒரு ரிங்கிட்டுக்கு 64 சென்தான் திரும்பும். இதற்கு எதிரில் டப்பாவில் குலுக்கிய சீட்டைப் பாருங்கள், அங்கே ரிங்கிட்டுக்கு ரிங்கிட் திரும்புகிறது. நேர்மையான குலுக்கல் வேறு, நியாயமான பேரம் வேறு.

இப்போது கிரிப்டோ குலுக்கல். வென்றவரைத் தீர்மானிக்கும் ஒரு ரகசிய எண்ணை நடத்துபவர் தேர்ந்து, அதைக் கணிதத்தால் கலக்கி 64 எழுத்துக் குறியீடாக்கி முன்கூட்டியே வெளியிடுகிறார். இதற்கு ஹேஷ் என்று பெயர். குறியீட்டிலிருந்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ரகசியத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் குறியீடு முழுக்க மாறிவிடும். குலுக்கல் முடிந்ததும் ரகசியத்தைத் திறந்து காட்டுவார், யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தூக்கிப் பிடித்த குடத்துக்கு இது சமம்தான். ஆனால் எப்போது தூக்கிப் பிடித்தார் என்று கேட்க வேண்டும். நூறு டிக்கெட் விற்று முடித்து, பட்டியல் கையில் இருக்கும்போது ரகசியத்தைத் தேர்ந்தெடுத்தால், தன் கூட்டாளி ஜெயிக்கும்வரை எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சராசரியாக நூறு முறை போதும், கணினிக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம். அதன் பிறகு வெளியிடும் ஹேஷ் சோதனையில் சரியாகவே பொருந்தும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஹேஷை விற்பனைக்கு முன்பே வெளியிடச் சொல்கிறார்கள். விற்பனை முடிந்த பிறகு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் உருவாகும் ஒரு பிளாக்கின், அதாவது பரிவர்த்தனைத் தொகுதியின், ஹேஷையும் ரகசியத்தோடு கலக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தாலும் முடிவு பிடிக்காவிட்டால் ரகசியத்தைத் திறக்காமலே சர்வர் பழுது என்று சொல்லிவிடலாம். நம்பிமார் ஒருவர்கூட விடுபடாமல் வர வேண்டும் என்று கல்வெட்டு கட்டாயப்படுத்தியதே, அந்தக் கட்டாயம் இங்கே யாருக்கும் இல்லை.

பட்டியலுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நடத்துபவரே பல முகவரிகளில் பாதி டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம். அவர் கொடுத்த பணம் பரிசுப் பானைக்குப் போய், பாதிக்குப் பாதி வாய்ப்போடு அவரிடமே திரும்புகிறது, கமிஷனும் அவருடையதே. எந்த ஹேஷும் இதைக் காட்டிக்கொடுக்காது. செலாயாங்கில் ஒரு வரிசை வீட்டில் சீட்டுப் போடும் பத்துப் பேருக்கு மற்ற ஒன்பது பேர் யார் என்று தெரியும். கிரிப்டோ முகவரிக்குப் பின்னால் இருப்பது பத்துப் பேரா, ஒருவரேயா என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில் கனமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. பணம் இனி மனிதன் கையில் இருக்காது, பிளாக்செயினில் எழுதிய ஒப்பந்த நிரலில் இருக்கும், வென்றவருக்குத் தானாகப் போய்விடும் என்கிறார்கள். சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போகும் ஆபத்தை இது உண்மையிலேயே குறைக்கிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2017இல் ஸ்மார்ட்பில்லியன்ஸ் என்ற லாட்டரியின் நிரல் பழைய பிளாக்கின் ஹேஷைக் கேட்டது; அது ஓடிய எத்தீரியம் பிளாக்செயின் கடைசி 256 பிளாக்குகளுக்கு மட்டுமே அந்த ஹேஷைத் தந்தது, அதற்கு முந்தையதைக் கேட்டால் பூஜ்யம். அதைத் தெரிந்த ஒருவர் காத்திருந்து எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 400ஐ எடுத்துக்கொண்டார். 2018 ஆகஸ்ட் 22 அன்று ஃபோமோ3டி ஆட்டத்தில், நேரம் முடியும்முன் கடைசியாகச் ‘சாவி’ என்ற டிக்கெட்டை வாங்குபவருக்குப் பானை என்பது விதி. ஒருவர் சாவியை வாங்கிவிட்டு, அதிகக் கட்டணம் கொடுத்து அடுத்தடுத்த பிளாக்குகளைத் தன் பரிவர்த்தனைகளால் நிரப்பி, மற்ற யாரும் நுழையாமல் அடைத்தார். 10,400 ஈத்தருக்கு மேல் அவருக்குப் போனது. நிரல் ஒரு எழுத்தும் தவறாமல் எழுதியபடி வேலை செய்தது. பணத்தை மனிதக் கையிலிருந்து எடுத்து நிரலின் கையில் கொடுத்தால், நிரல் எழுதியவரையும், அதை மாற்றும் ரகசியக் குறியீட்டுச் சாவி வைத்திருப்பவரையும், அதில் ஓட்டை தேடுபவரையும் நம்ப வேண்டியிருக்கிறது.

சாதாரண மனிதனுக்கு ஹேஷ் கணக்குத் தெரியாதே என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரத்தில் ஒருவர் சரிபார்த்துத் தவறை ஊரறியச் சொன்னால் போதும். உத்திரமேரூரிலும் சபையில் கூடிய எல்லோரும் ஓலையைக் கையில் வாங்கிப் படிக்கவில்லை, நம்பிமார்தான் படித்தார்கள். தவறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு யாரிடம் போவது என்பதுதான் உண்மையான சிக்கல். 921இல் கணக்குக் காட்டாதவனின் குடும்பமே குடத்துக்கு வெளியே நின்றது. சீட்டுப் பிடித்து ஏமாற்றியவர் கோயில் வாசலில் முகம் காட்ட முடியாது. கிரிப்டோ குலுக்கலை நடத்துபவர் எந்த ஊர், எந்த நாடு என்றே பல நேரம் தெரியாது. ஆகவே டிக்கெட் வாங்கச் சொல்பவர் ஹேஷைக் காட்டினால், அதைப் பார்த்த பிறகு, நடத்துபவர் டிக்கெட் வாங்கலாமா, பணம் எந்தச் சாவியின் கீழ் இருக்கிறது, அந்தச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் காசு கொடுக்காதீர்கள். மலேசியாவில் உரிமம் இல்லாத லாட்டரி 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டப்படி குற்றம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. பரிசு விழுந்தும் பணம் வரவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போனால், அந்த வழக்கு அங்கே நிற்காது.