கிண்ணம் கடைந்தோர் வீதி

மன்னர்தம் போர்களையும் முடிசூட்டுக்களையும் கூறுவதோடு வரலாறு அமைந்துவிடுமாயின், நகரை ஆக்கிய தொழிலாளருக்கு அதில் இடம் ஏது? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் யோர்க் நகரத்து நூதனசாலையொன்று விடை பகர்கின்றது.

கி. பி. 866 இல் வைக்கிங்குகள் இந்நகரைக் கைப்பற்றினர். அதனை ‘யோர்விக்’ என அழைத்தனர். 954 இல் அவர்தம் இறுதி மன்னன் எரிக் துரத்தப்பட்டான். ஆட்சி மறைந்தது, ஆயினும் அவர்கள் இட்ட பெயர்கள் மறையவில்லை. கொப்பர்கேற் என்னுந் தெருப்பெயருக்குக் கிண்ணம் கடைவோர் வீதி என்பது பொருள். 1976 முதல் 1981 வரை அங்கு அகழ்ந்தபோது, மரக்கிண்ணங்களும் கடைசற் கழிவுகளும் தோற்செருப்புகளும் வீட்டுச் சுவர்களும் வெளிப்பட்டன. ஈரமண்ணுட் காற்றுப் புகாமையால் மரமுந் தோலும் ஆயிரமாண்டு உக்காதிருந்தன. பெயர் கூறிய செய்தியை மண்ணும் மெய்ப்பித்தது.

1984 இல் அவ்விடத்திலேயே நூதனசாலை திறக்கப்பெற்றது. வருவோர் சிற்றூர்திகளில் அமர்ந்து, மீள அமைக்கப்பட்ட பழந்தெருவினூடே செல்வர். பண்டை நோர்சு மொழி செவியில் விழும். அக்கால நகரின் நாற்றமும் மூக்கை எட்டும்.

ஈரமே காவலாயிருந்த அவ்விடத்திற்கு 2015 டிசெம்பரில் நீரே பகையாயிற்று. ஆற்றுவெள்ளம் உட்புகுந்தது, தொல்பொருள்கள் பாதுகாப்பாக அகற்றப்பட்டன. 2017 ஏப்பிரலில் கதவுகள் மீண்டுந் திறந்தன.

அங்கு காணும் முகங்களும் கேட்கும் உரையாடல்களும் அறிஞர்தம் ஊகம். கண்ணாடிப் பேழையுள் இருக்கும் கிண்ணமோ நேர்ச்சான்று. இவ்விரண்டையும் வேறுபிரித்துணர்வார்க்கே அப்பயணம் வேடிக்கையாகாது கல்வியாகும்.